ஓணானுக்குக் குளிர் ஆகாது

குளிரறையில் அவன் நிற்க வேண்டிய நேரமெல்லாம் நான் நின்றேன். இந்த ஆத்திரம் எனக்கு ஏழெட்டு வருஷமாக இருக்கிறது. எழுதி முடித்தாலும் போகும் என்று தோன்றவில்லை. என் மனைவியின் தம்பி என்பதற்காக நானே மேனேஜரிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டவன். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கிடங்கு அது. உள்ளே போனால் விடுகிற மூச்சு மீசையில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் முறை வைத்துத்தான் உள்ளே போவோம். அவன் முறை வந்தால் மட்டும் வலது தோளைத் தேய்த்துக்கொண்டு என் பக்கம் வந்து நிற்பான்.

"அத்தான், இன்னிக்கு மட்டும் நீங்க போங்களேன்."

"நேத்தும் இதையேதானடா சொன்ன?"

"நேத்து சொன்னது நேத்திக்கு."

நான் முணுமுணுத்துக்கொண்டே கையுறையை மாட்டுவேன். அவன் லாரி நிற்கும் முற்றத்துக்குப் போய், சட்டையை விலக்கித் தோளை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பான். லாரிக்காரர்கள்தான் அவனுக்கு ஓணான் என்று பெயர் வைத்தது. கோபித்துக்கொள்வான் என்று பார்த்தால், யாராவது "ஓணானே" என்று கூப்பிட்டதும் கழுத்தை நீட்டித் தலையை ஆட்டிக் காட்டுவான். பிறகு சொந்தப் பெயர் வீட்டிலேயே மறந்துபோனது.

தோளில் இருந்தது காய்ப்பு. அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பருப்பளவில், செம்பழுப்பாக ஒரு கொத்து. பெட்டி சுமக்கிறவன் தோள் காய்த்துப்போவதில் என்ன அதிசயம்? என் தோளும் காய்த்ததுதான். கிடங்குக்கு எப்போதாவது வரும் டாக்டர் எட்டி நின்று பார்த்து, "சுமை தூக்குற காய்ப்பு, எண்ணெய் தடவு" என்று சொல்லிவிட்டார். தடவினான். எண்ணெய்த் தோளில் ஏற்றிய பெட்டி வழுக்கி என் காலில் விழுந்ததுதான் மிச்சம்.

மற்றபடி அவன் நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. ஹாரன் வேலை செய்யாத பழைய பைக் ஒன்று வைத்திருந்தான். ஆள் குறுக்கே வந்தால் வாயாலேயே கத்துவான். என் மகளோடு சீட்டு விளையாடினால் கூச்சமில்லாமல் ஏமாற்றுவான். அவளும் அவனிடமிருந்தே கற்றுக்கொண்டு அவனையே ஏமாற்றுவாள்.

இருபத்தாறு வயதில் சிறுநீரில் ரத்தம் போனது. உடம்புச் சூடு என்று நினைத்துத் தண்ணீராகக் குடித்துத் தள்ளினான். ஓணானுக்கு வெயில் உள்ளே இறங்கிவிட்டது என்று கிடங்கில் சிரித்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் கட்டி. சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். அதோடு விட்டது என்று நாங்கள் மூச்சு விட்டபோது மறுபடி கூப்பிட்டார்கள். வெட்டி எடுத்த கட்டி வழக்கமாக வருகிற ஜாதி இல்லையாம், இந்த வயசில் இப்படி வந்தால் பரம்பரையைப் பார்க்க வேண்டுமாம். அதற்கென்று ஒரு டாக்டரம்மா இருந்தார்.

சின்ன அறை. நாற்காலி போதாமல் நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்த அம்மா அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். "குளிர்ல வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்கும் டாக்டர். ஊசியால கிழிக்கிற மாதிரி."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "சொன்னேனே அத்தான், வலிக்குதுன்னு."

"அங்க யாருக்குடா வலிக்கல?" என்றேன்.

அது காய்ப்பே இல்லையாம். முடியைச் சிலிர்க்க வைக்கும் பொடித் தசை ஒன்று தோலுக்குள் இருக்கிறதாம், அதில் வருகிற கட்டியாம். சில குடும்பங்களில் தோலில் இதுவும், பெண்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டியும், சின்ன வயதிலேயே சிறுநீரகத்தில் புற்றுநோயும் ஒரே மரபணுக் கோளாறால் வருமாம். சொல்லிவிட்டு அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் கர்ப்பப்பையில கட்டி ஏதாவது இருந்துச்சாம்மா?"

"இல்லை" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் செருப்பு என் காலை மிதித்தது. அவள் முதுகிலும் அதே மாதிரி மூன்று நான்கு உண்டு. அவள் ஜென்மத்தில் மீன் பெட்டி தூக்கியதில்லை.

"இருந்துச்சு டாக்டர்" என்றான் ஓணான். "முப்பது வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. எங்கப்பாவும் நாப்பது தாண்டல. இடுப்பு வலின்னு படுத்தாரு, அவ்வளவுதான்."

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி தம்பியின் பக்கத்தில் உட்காரவில்லை.

அவன் ரத்தத்தைச் சோதித்ததில் டாக்டரம்மா சொன்னதே வந்தது. பிறக்கும்போதே இருந்த கோளாறு. அக்காவுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவளுக்கு இருந்தால் அவள் பெண்ணுக்கும் அதே பாதிக்குப் பாதி. அதற்குள் அவன் நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. மருந்துக்குக் கேட்கவில்லை. எங்கள் முன்னறையில் கட்டிலைப் போட்டோம். நான் வேலையிலிருந்து வந்து அவனைத் துடைத்துவிட்டு, சாப்பிட்டு, படுத்து, எழுந்து, மறுபடி வேலைக்குப் போவேன். சண்டை போடக்கூடத் தெம்பில்லாத வீடாகிப்போனது. அக்காவும் தம்பியும் மட்டும் போட்டார்கள்.

"அக்கா, ரத்தம்தானே கேக்குறாங்க. கிட்னியவா கேக்குறாங்க?"

"நீ பேசாம படு."

"படுத்துட்டுதானே இருக்கேன். வேற என்ன வேலை எனக்கு?"

"தெரிஞ்சு என்னடா பண்றது? இருக்குன்னு சொல்லிட்டா, நான் பெத்த பொண்ணுக்கு நானே குடுத்தேன்னு தினம் அவ மூஞ்சியைப் பாத்துச் சாகணுமா?"

"அப்பா நமக்குக் குடுத்தாரு. தெரிஞ்சா குடுத்தாரு? எனக்குத் தெரியும்போது எலுமிச்சம்பழம் அளவு ஆயிருச்சு. அவளுக்கு இருந்தா வருஷா வருஷம் படம் எடுத்துப் பாப்பாங்க. கடுகளவுலயே வெட்டிருவாங்க. காப்பாத்தலாம்க்கா."

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வந்த அன்று அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, "இருக்காம்" என்றாள். அவன் கால் விரலால் அவள் கையை ஒரு தட்டு தட்டினான்.

அடுத்தது மகள். அவளுக்குப் பதினேழு. "எனக்கும் இருக்குமா மாமா?" என்று கேட்டாள்.

"இருந்தா நீயும் ஓணான். இல்லைன்னா வெறும் பல்லி."

"போ மாமா." சிரித்தாள், ஆனால் சீட்டுக்கட்டை எடுக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் அவனே போன் பண்ணி நாள் வாங்கினான். முதல் தடவை பரீட்சை என்று என் மனைவி தள்ளிப்போட்டாள். இரண்டாம் தடவை, தம்பியை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள். மூன்றாவதாக ஒரு வியாழக்கிழமை வாங்கினான்.

அந்த வாரம் ஒரு மத்தியானம், நான் வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது கூப்பிட்டான். கால்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அத்தான், வியாழக்கிழமையைத் தாண்டுவேனான்னு தெரியல."

"வாயைக் கழுவு."

"கேளுங்க. அன்னிக்குப் பாத்து நான் போயிட்டேன்னா அக்காவுக்கு அதுவே சாக்கு. அப்புறம் துக்கம்பா, அப்புறம் பரீட்சைம்பா, அப்புறம் மழைம்பா. பாப்பா போகவே மாட்டா."

"சரி, விடு. பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. வீடு பூரா ஆள் நின்னாலும், அக்கா கத்துனாலும், நீங்க நிக்காதீங்க. என்னைத் தூக்கக் கிடங்குப் பசங்க வருவாங்க, என்னைவிடக் கனமெல்லாம் தூக்கினவங்க. நீங்க பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போறேன்னு லேட் பண்ண வேணாம். பாக்கணும்னா இப்பவே நல்லாப் பாத்துக்குங்க."