பதினான்காம் எண் வீட்டுக் கம்பளம்

அன்றைக்கு நோரிஸ் பெக் கையுறையை வேனிலேயே விட்டுவிட்டு மாடியேறிவிட்டார். காலியாகும் நகராட்சி வீடுகளைத் துடைத்துவைத்தாற்போல் ஒழித்துக் கொடுப்பது அவர் வேலை. பதினான்காம் எண் ஃபிளாட்டில் முழங்காலிட்டு, தரையோடு கிடந்த கம்பளத்தைப் பிய்த்து இழுத்தபோது, அதைப் பிடித்துவைத்திருந்த சுவரோரத்து ஆணிப்பட்டை கட்டைவிரலடியிலிருந்து உள்ளங்கை வரைக்கும் கீறிவிட்டது. ரத்தம் சொட்டியது. கையுறை போடாதது மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் அன்றைய கூலி போய்விடும்.

வாசலில் அளவு நாடாவோடு ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள், குழாயைத் திறந்து அவர் கையைப் பிடித்துக் கழுவினாள், இறுக்கிக் கட்டினாள். கீழேயிருந்து மேற்பார்வையாளர் என்ன தாமதம் என்று கத்தினார். அவள் மாடிப்படிக்குப் போய், தான்தான் அவரை ஜன்னல் அளவெடுக்க நிறுத்திவைத்ததாகச் சொல்லிவிட்டு வந்தாள். ரத்தம் விழுந்த இடத்தைக் காலால் தேய்த்தாள்.

வீடு யாருக்கு என்று நோரிஸ் பிறகுதான் கேட்டார். தனக்குத்தான் என்றாள். சுருட்டி நிறுத்தியிருந்த கம்பளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒயின் நிறம், அசல் கம்பளி. முன்பிருந்த கிழவி போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“இதப் பாத்துட்டுத்தான் இந்த வீட்டுக்குச் சரின்னேன்,” என்றாள். அவ்வளவுதான். தன் கம்பளத்தைக் கிழித்த கைக்குக் கட்டுப்போட்டுவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

அவள் பெயர் பிரையனி ஸ்டப்ஸ். பதினெட்டு முடிந்து ஆறு நாள். ஆறு வயதில் அரசுப் பராமரிப்புக்குப் போனவள். பதினோரு வீடு மாறியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் துணிமணியைக் கறுப்புக் குப்பைப்பையில்தான் போட்டு அனுப்பினார்கள். இப்போது மார்ல்பி துறைமுகத்தில் மீன் துண்டு அடைக்கும் தொழிற்சாலையில் காலை முறை வேலை. தம்பி ஒருவன் உண்டு. எல்லிஸ், ஒன்பது வயது. ஊரின் அந்தக் கோடியில் ஒரு வளர்ப்பு வீட்டில் இருந்தான். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம், நகராட்சிக் கட்டடத்தின் ஓர் அறையில், ஒரு அம்மாள் மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுத, அக்காவும் தம்பியும் சந்திக்கலாம். பிரையனிக்கு வீடு கிடைத்து, அந்த வீடு பிள்ளை தங்கத் தக்கதாக இருந்தால், கிறிஸ்துமஸுக்கு அவன் மூன்று நாள் வந்து தங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். தக்கது என்பதற்குப் பட்டியல் இருந்தது. கட்டில், புகை எச்சரிக்கை மணி, ஜன்னல் பூட்டு, தரைவிரிப்பு. டிசம்பர் பதினெட்டாம் தேதி ஒரு அதிகாரி வந்து பார்ப்பார்.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடக்கூடாது. அவளுக்குப் பெற்றோர் நகராட்சிதான். அச்சடித்த புத்தகத்திலேயே அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அட்டையில் சிரிக்கிற பிள்ளைகள். உள்ளே, ‘நாங்கள் உன் பெற்றோர், உன் கனவு எங்கள் கனவு’ என்று எழுதியிருந்தது. பதினெட்டாம் பிறந்தநாளுக்குக் கேக்கும் வெட்டினார்கள். கேக் வெட்டிய கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவள் வாழ்க்கைப் பாதை பற்றிய நாற்பத்திரண்டு பக்கத் திட்டத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வீடு தொடங்க மூவாயிரம் பவுண்ட் உண்டு என்றார்கள். அது அவள் கையில் வராது. ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று கடையில் விலை எழுதி வாங்க வேண்டும். அந்தக் கடைகள் நகராட்சிப் பட்டியலில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை விட்டு வியாழக்கிழமை கூடும் ஒரு குழு அதைப் பார்க்க வேண்டும். எந்தத் தாய் தன் மகளிடம் ஒரு வாணலிக்கு மூன்று விலைச்சீட்டு கேட்பாள் என்று நோரிஸ் பிற்பாடு தன் மனைவியிடம் கேட்டார்.

கம்பளத்தை ஏன் கிழித்தார்கள் என்றால், அது விதி. நகராட்சி வீடு கைமாறும்போது தரை வெறுந்தரையாக இருக்க வேண்டும். பூச்சி இருக்கலாம், யாராவது தடுக்கி விழுந்து வழக்குப் போடலாம். புத்தம்புதியதாக இருந்தாலும் கிழித்து இரும்புத் தொட்டியில் போட வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு ஆணியை எடுத்தாலும் திருட்டு, வேலை போய்விடும். ஒரு கை கிழித்துப் போடும், இன்னொரு கை வாங்கிக் கொடுப்பதற்குப் படிவம் நீட்டும். இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் ஒட்டியிருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

பிரையனி கம்பளத்துக்கு எழுதிப்போட்டாள். அவளுக்கென்று வைத்திருந்த ஆலோசகர் அந்த மாதம் மாறிவிட்டார். அவருக்கு அடுத்து வந்த பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். மூன்றாவதாக வந்த டாரன் என்ற இளைஞன் நல்லவன். ஒவ்வொரு தடவையும் அவளுடைய தைரியத்தைப் புகழ்ந்தான், ஒவ்வொரு தடவையும் அவள் பெயரைத் தப்பாகச் சொன்னான். டிசம்பர் முதல் வாரம் பதில் வந்தது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நோரிஸின் பணிமனை வாசலில் நின்றாள். கையில் கட்டுப் போட்டுவிட்ட பெண்ணை அவர் மறக்கவில்லை. வாங்கிப் படித்தார். வீட்டை வாடகைக்கு விடுவதற்காக எடுத்த புகைப்படங்களைக் குழு கவனமாகப் பரிசீலித்ததாம். அவற்றில் நல்ல நிலையில் உள்ள கம்பளம் தெளிவாகத் தெரிகிறதாம். ஏற்கெனவே கம்பளம் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு கம்பளத்துக்குப் பொதுப்பணத்தைச் செலவிட இயலாதாம். அவள் எதிர்காலம் சிறக்க வாழ்த்தும் இருந்தது.

நோரிஸ் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

“நீங்கதான கிழிச்சீங்க,” என்றாள் பிரையனி. “கிழிச்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்.”

அவர் வீடு ஒழித்த சீட்டின் நகலையே எடுத்துக்கொண்டு அவளோடு அந்தக் குழுவைப் பார்க்கப் போனார். அரை நாள் விடுப்பு. சீட்டில் தேதி, எண் பதினான்கு, கம்பளம் அகற்றப்பட்டது என்று எல்லாம் இருந்தது, கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. குழுவின் தலைவி அன்பான பெண்மணி. இருவருக்கும் டீ கொடுத்தாள். சீட்டைத் தொடாமலே, இது வீட்டுத் துறையின் ஆவணம், அந்தத் துறை வழியாகத்தான் வர வேண்டும், இருபது வேலை நாள் ஆகும் என்றாள். வீட்டுத் துறை எங்கே என்று நோரிஸ் கேட்டார். இதே தாழ்வாரத்தில் நான்காவது கதவு. நானே கூட்டிவருகிறேன் என்றார். அப்படிச் செய்ய முடியாதாம்.

“அப்ப நான் அம்மாகிட்ட பேசுறேன், அப்பா லெட்டர் போடணும், அப்படித்தான?” என்றாள் பிரையனி. “ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுப் பேசிக்க மாட்டீங்க. எத்தன வருஷமா இந்தச் சண்ட?”

தலைவி சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாரனும் சிரித்தான். சிரித்தவர்கள் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவள் முதல்முறையாகக் குரல் தாழ்ந்து பேசினாள். போன வாரம் எல்லிஸ் தன் தலையணை உறையை முன்கூட்டியே எடுத்துவைத்துவிட்டானாம். வேண்டாம், பொறு என்று அவனிடம் சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றாள்.

அப்போது நோரிஸ் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லக் கஷ்டப்பட்டார். அந்தக் கம்பளம் குப்பைமேட்டுக்குப் போகவே இல்லை.

நோரிஸ் தன் தேவாலயச் சபையின் மூப்பர்களில் ஒருவர். ஆராதனை முடிந்து டீ குடிக்கும் பின்கூடத்தில் தரை குளிர்ந்து கிடந்தது, வயதான பெண்கள் கால் விறைப்பதாகப் புலம்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த நல்ல கம்பளியைத் தொட்டியில் போட அவருக்கு மனம் வரவில்லை. மச்சானுடைய மீன் வேனில் ஏற்றி, சபைக்குக் கொண்டுபோய் விரித்துவிட்டார். கர்த்தருடைய வீட்டுக்குத்தானே, அது திருட்டாகாது என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். கேட்டவர்களிடம் நன்கொடை என்றார். அவள் கட்டுப்போட்டுவிட்ட கையோடு அதன்மேல் ஏழு ஞாயிற்றுக்கிழமை டீ குடித்திருக்கிறார். தெரிந்தால் வேலை போகும், ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. இதையெல்லாம் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிரையனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏழு வாரமா என் கார்ப்பெட்டு மேல நின்னுக்கிட்டு எனக்காக ஜெபம் பண்ணுனீங்களா, நோரிஸ்?”

“பண்ணுனேன், கண்ணு.”

“கேட்டுருச்சு போல. அதான் வேன் இருக்குல்ல, போங்க, எடுத்துட்டு வாங்க.”

ஞாயிறு மத்தியானம், டீக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, நோரிஸ் சபையாருக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னார். திருட்டு என்ற வார்த்தையை விழுங்காமல் சொன்னார். பிறகு கால் விறைப்பதாக அதிகம் புலம்பியவளே முதலில் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். ஆளுக்கொரு முனை பிடித்துச் சுருட்டினார்கள்.

பதினான்காம் எண்ணில் அது இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அந்த அறைக்கென்றே வெட்டியதாயிற்றே, கணப்படுப்பு ஓரத்து மடிப்புகூட அதன் இடத்தில் பொருந்தியது. மீன் வாடை மட்டும் போகவில்லை. பிரையனி நாலு எலுமிச்சை நறுக்கி மூலைக்கொன்றாக வைத்தாள்.

பதினெட்டாம் தேதி அதிகாரி வந்தார். கட்டிலைப் பார்த்தார், புகைமணியை அழுத்தினார், கம்பளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். கையிலிருந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார். அதே கம்பளம்தான். அனுமதி கொடுத்தார். எல்லிஸ் தலையணை உறையோடு வந்து, மூன்று நாளும் கட்டிலை விட்டுவிட்டுக் கம்பளத்தில்தான் படுத்தான்.

ஜனவரியில் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நேரடிப் பரிசோதனையில் கம்பளம் இருப்பது உறுதியானதாம், தங்கள் முடிவு சரியே என்று நிரூபணமாகிவிட்டதாம், கோப்பு மூடப்படுகிறதாம். அந்த வருஷ அறிக்கையில், சிக்கனமாகவும் கவனமாகவும் நடந்துகொண்டதற்கு அந்தக் குழுவைப் பாராட்டி ஒரு பத்தி வந்தது. பிரையனி அதை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள். எதற்கு என்று நோரிஸ் கேட்டார். பெத்தவங்க படம் ஒன்னாவது வீட்டில் மாட்டியிருக்க வேண்டாமா என்றாள்.

மூன்று வருஷம் அங்கே இருந்தாள். தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளரானாள். எட்டு விசாரணைக்குப் போய், எட்டிலும் ஒரே கதையை எட்டுப் பேருக்குச் சொல்லி, கடைசியில் தம்பியைத் தன் பொறுப்பில் வளர்க்க நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினாள். இரண்டு படுக்கையறை உள்ள வீடு பக்கத்து ஊரில் கிடைத்தது.

போகும்போது கம்பளத்தை விட்டுவிட்டுப் போக முறையாக எழுதிக் கேட்டாள். அடுத்து அங்கே வருவதும் பராமரிப்பிலிருந்து வெளியேறும் ஒரு பிள்ளைதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முடியாது, வெறுந்தரையாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஒழிக்க வந்த ஆள் நோரிஸ்தான். ஓய்வுபெற அவருக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

கறுப்புப் பைகள் இல்லை. இரண்டு பெட்டிகள், சக்கரம் வைத்தவை. எல்லிஸ் அவற்றை இழுத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டான். நோரிஸ் கம்பளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டு, அதைத் தொடாமல், வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். பிரையனி வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, ஜன்னல் திட்டில் கிடந்த அவருடைய கையுறைகளை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“மொதல்ல இத மாட்டுங்க, நோரிஸ். கட்டுப்போட இனிமே நான் இருக்க மாட்டேன். கிழிச்சு முடிச்சதும் வெறுந்தரைய ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. அடுத்து வர்ற பிள்ளைக்கு வேணும்.”