உரிகத்தில் விழுந்த பெட்டி

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி வாக்கில் லிங்கராஜபுரத்து அறையைப் பூட்டிக்கொண்டு கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். மாரிகுப்பம் போகும் ரயில் காலியாக நின்றது. வார நாட்களில் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களை அடைத்துக்கொண்டு வரும் ரயில் அது. நான் இருந்த பெட்டியில் என்னைத் தவிர ஒருவர்தான். அவரும் ஒயிட்ஃபீல்டில் இறங்கிவிட்டார்.

நான் போனது ஒரு தெர்மோகோல் பெட்டியை எடுத்துவர. வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்து மாடியிலிருந்து பலூனில் கட்டி அனுப்பியது. மேல் வானத்தில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று அளக்கும் கருவி அதற்குள் இருந்தது. பதினேழு கிலோமீட்டர் உயரத்தைத் தொட்ட நேரத்தில் கீழே எங்கள் ரிசீவர் நின்றுபோனது. அதற்கு மேல் அளந்ததெல்லாம் பெட்டிக்குள் இருந்த மெமரி கார்டில் மட்டும்தான். எனக்கு வேண்டியதும் அந்த உயரம்தான். பெட்டி தொலைந்தது என்றே நினைத்திருந்தேன். சனிக்கிழமை மாலை ஒரு போன் வந்தது. "மேடம், உங்க பொட்டி எங்க ஊர்ல விழுந்துகீது. மேல நம்பர் எழுதியிருந்தது."

மாலூர், டேக்கல், பங்காருப்பேட்டை. சுமார் நூறு கிலோமீட்டர். ஜன்னலுக்கு வெளியே நீலகிரி மரங்களும் காய்ந்த ஏரிகளும் வந்துகொண்டே இருந்தன. பெங்களூருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமையில் யாரையாவது பார்க்கக் கிளம்புவது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது.

தங்கவயலைச் சேர்ந்த உரிகத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அறுபது ரூபாய். சுரங்கத்திலிருந்து கொட்டிய சாம்பல் நிற மண் மலைபோல் நின்றது. "சயனைடு மேடு. காத்தடிச்சா வீடெல்லாம் தூசிதான்" என்றார் டிரைவர்.

போன் செய்த ஸ்டெல்லா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தபின் தனியாக இருக்கிறார்.

"மேட்டு மேலதான் கெடந்தது. பக்கத்து வூட்டுக்காரங்க பாம்னு பயந்துட்டாங்க. நான்தான் தூக்கினு வந்தேன். ஒடம்புக்கு ஆவாத தூசியாச்சே, குழாயடியில வெச்சு நல்லா கழுவிட்டேன் மேடம்."

பெட்டி துவைகல் மேல் பளிச்சென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. திறந்தேன். உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. வானத்தில் துளியினும் துளியான ஈரத்தைத் தேடப் போன கருவி! எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மெமரி கார்டை உருவி எடுத்தேன்; அதுவும் நனைந்திருந்தது.

"தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டார் ஸ்டெல்லா. அவர் முகம் வாடிவிட்டது.

"இல்லக்கா. இந்தக் கார்டு மட்டும் பிழைச்சா போதும்."

கார்டைத் துடைத்து, ஒரு தட்டில் துணி விரித்து வெயிலில் வைத்தோம். அது காயும்வரை போக வழியில்லை. சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். "ஞாயித்துக்கெழமையில ரெண்டு தட்டு கழுவி எவ்ளோ நாளாச்சு" என்றார்.

மூன்று மணிக்கு லேப்டாப்பில் கார்டைப் போட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. மறுபடி எடுத்துப் போட்டபோது கோப்பு திறந்தது. பலூன் வெடிக்கும்வரை எல்லா அளவுகளும் இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் என் பேராசிரியருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேறு யாருக்குச் சொல்வது? திரையை ஸ்டெல்லாவின் பக்கம் திருப்பினேன்.

"இந்தக் கோடுதான் ஈரம். மேல போகப் போகக் குறையுது பாருங்க. இங்க பத்து லட்சத்துல நாலைஞ்சு பங்குதான்."

"இந்த ஸ்வல்ப ஈரத்துக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"பூமியோட சூடு அந்த வழியாத்தான் வெளிய போகணும். அங்க ஈரம் கொஞ்சம் கூடினாலும் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். கீழ நமக்குச் சூடு ஏறும். சூடு ஏறினா மேல போற ஈரமும் கூடும்."

"அப்ப ஒண்ணை ஒண்ணு ஏத்தி விட்டுனே இருக்குமா?"

"ஆமாக்கா. எவ்வளவு ஏத்துதுன்னு சரியாத் தெரியல. அதுக்குத்தான் அளக்கிறோம்."

அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். என் வேலையை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷன்வரை கூடவே வந்தார். "அடுத்த பலூன் இங்கேயே வுழுமா?"

"இதுதான் கடைசிக்கா. மார்ச்சோட எங்க திட்டம் முடியுது."

"அதனால இன்னா? பலூன் வுழுந்தாத்தான் வருவீங்களா?"

ரயில் நகர்ந்தது. கழுவிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அன்றே அளவுகளை அனுப்பினேன். மறுநாள் பேராசிரியரிடமிருந்து நன்றி என்று ஒரு வரி வந்தது. அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, எடுத்துவர எதுவும் இல்லாமல், உரிகத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.