சிரிப்பு வராவிட்டால் மணி

ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர் திண்டுக்கல்லில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். தொண்ணூற்றாறில் அங்கேயே ஒரு சிரிப்பு மன்றம் தொடங்கினார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூட்டம். கட்சி, சாதி, கோயில், சர்ச் எதன் பெயரும் அதில் கிடையாது. தலைமையுரை, வரவேற்புரை, பொன்னாடை மூன்றுக்கும் தடை. ஒருவர் எழுந்து நின்று சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க வந்தவர்கள் உட்காருவது டைப்ரைட்டர்களின் முன்னால். வரி முடியப்போகும்போது அந்த மெஷின் 'டிங்' என்று மணியடிக்குமே, நாங்கள் காகித உருளையை வரியின் ஓரம்வரை நகர்த்தி வைத்துக்கொண்டு தயாராகக் காத்திருப்போம். சிரிப்பு வரவில்லையா, ஒரே தட்டு. மணி விழுந்தால், யாராயிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். மாஸ்டரின் மனைவி ரோசலின் டீச்சர் முதல் மாதமே அவரை இரண்டு தடவை உட்காரவைத்தார். நானோ அவமானப்படுவதற்கென்றே செம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவேன்.

மன்றத்துக்கு வினை, இன்ஸ்டிடியூட் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் காத்தமுத்து ரூபத்தில் வந்தது.

"என் கட்டடத்துல இம்புட்டுப் பேரு பேசுறாங்க, நான் பேசக்கூடாதா மாஸ்டர்?" என்று ஒருநாள் எழுந்துவிட்டார்.

சொன்னது ஒரு டாக்டர் ஜோக். என் அப்பா காலத்திலேயே யாரும் சிரிக்காமல் விட்டது. எல்லார் விரலும் மெஷின்மேல்தான் இருந்தது, ஒன்றும் அசையவில்லை. மணியடித்தால் இன்ஸ்டிடியூட்டே தெருவுக்கு வந்துவிடும். அடிக்காவிட்டால் அடுத்த மாதமே காத்தமுத்து தலைமை, காத்தமுத்துக்குப் பொன்னாடை. மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது.

டிங்.

அடித்தது மாஸ்டர்தான்.

"அடுத்த மாசம் காலி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு காத்தமுத்து உட்கார்ந்தார்.

காலி செய்தோம். மாஸ்டர் வீட்டு மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, மெஷின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினோம். முதல் கூட்டத்தில் மாஸ்டர் எழுந்தார்.

"ஒருத்தர் ஜோக்கு சொன்னாரு. நாங்க சிரிக்கல. மெஷினோட எங்களை ரோட்டுல நிறுத்திட்டாரு. ரோட்டுல நின்னப்பதான் அந்த ஜோக்குக்கு எங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு."

கொட்டகையே அதிர்ந்தது. ரோசலின் டீச்சர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி வரிசையில் டிங்.

திரும்பிப் பார்த்தோம். எப்போது படியேறி வந்தாரோ, காலியாகக் கிடந்த மெஷின் முன்னால் காத்தமுத்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்குச் சிரிப்பு வரல மாஸ்டர்."

விதி விதிதானே. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் மன்றம் ஓடிய பத்து வருஷமும் அந்தக் கடைசி மெஷினில் வேறு யாரையும் காத்தமுத்து உட்காரவிடவில்லை.