ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாத ஐஸ்

ஐஸைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பழவேற்காட்டில் பிறந்தவள் நான். ஐஸ் உருகினால் தண்ணீர் நிற்கும். தண்ணீரும் இல்லை, ஐஸும் இல்லை என்றால் எவளோ எடுத்திருக்கிறாள் என்று அர்த்தம். இந்தத் தெளிவோடுதான் என் ஓரகத்தியைத் திருடி என்றேன்.

சென்னையில் இருக்கும் என் மகளுக்கு ஏழாம் மாதம். நம்ம ஏரி இறால்தான் வேண்டும் என்று போனில் ஒரே அழுகை. என் கொழுந்தனுக்கு இறால் கம்பெனியில் வேலை. இறால் கெடாமல் சென்னை போய்ச்சேர, டிரை ஐஸ் என்று ஒரு வெள்ளைக் கட்டியைத் தெர்மகோல் பெட்டியில் கொண்டுவந்து வைத்தான்.

"கையால தொட்டுராத அண்ணி, சுட்டுரும். மூடிய இறுக்கி மூடாத, வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஐஸாம், சுடுமாம்!

மறுநாள் விடியலில் ஏரியில் இறங்கி, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்தோம். கொழுந்தன் பெண்டாட்டி மட்டும் ஜுரத்தோடு வீட்டில் படுத்திருந்தாள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் கட்டியைக் காணோம். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம்கூட இல்லை.

"இன்னாடி, ஐஸு எங்க?"

"எனக்கு இன்னாத்துக்குக்கா அது? ஜுரத்துக்கு நெத்தில வெச்சிக்கினேன்னு சொல்றியா?"

"ஆமாடி! வூட்ல வேற யாரு கீறாங்க?"

அவள் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். "கோயிலுக்கு வா. சூடம் அடிச்சி சத்தியம் பண்றேன். அப்புறம் எங்கம்மா வூட்டுக்குப் பூடறேன். உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

பத்து வருஷமாக ஒரே பானைச் சோறு தின்றவள். ஆனாலும் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்க மனசு வரவில்லை.

எரிகிற சூடத்தை அம்மன் முன்னால் கையால் அடித்து அணைத்துவிட்டால் எங்கள் குப்பத்தில் வழக்கு முடிந்தது. தெருவே திரண்டு வந்தது. அந்த வருஷம் கோயில் சாமான் என் பொறுப்பு, சாவி என் இடுப்பில். ஆடித் திருவிழாவில் எடுத்து வைத்த சூட டப்பாவை எடுத்தேன். மூடி பாதி திறந்து கிடந்தது. உள்ளே வாசனை மட்டும் இருந்தது.

"அம்மன் சூடத்தையே ஆட்டைய போட்டுட்டியா?" என்றார் வலையோடு வந்து நின்ற ஒருவர்.

"அய்யோ, நான் எடுக்கல! சத்தியமா எடுக்கல!"

"அப்ப சூடத்த அடி."

எதை அடிப்பது? அதைத்தானே காணோம்! மானம் போய் நின்று அழுதேன். ஓரகத்திதான் முன்னால் வந்தாள்.

"எங்க அக்கா சூடம் திருடற ஆளா? போயி வேலையப் பாருங்கய்யா" என்று என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை கொதித்தது.

சாயங்காலம் கொழுந்தன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த ஐஸ் தண்ணீரே ஆகாதாம், கட்டியிலிருந்து நேராகக் காற்றாகிவிடுமாம். திறந்து கிடந்தால் சூடமும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் போகுமாம். அதற்குள் இறால் நாறிவிட்டது.

"நீ எடுக்கலடி. அது காத்தாப் பூட்ச்சாம்" என்றேன் அவளிடம்.

"நான் எடுக்கலன்னு காலையிலயே சொன்னேனேக்கா. நீ சொன்னத நான் நம்பினேன்ல?" என்றாள்.

நான் எழுந்துபோய் அவளுக்குக் கஞ்சி வைத்தேன்.