வெள்ளிக்கிழமை பார்த்த தாஜ் மஹால்

நாள் குறித்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் மற்ற இரண்டு பேரும் இந்தக் கதையை எங்கே சொன்னாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், அதுவும் என்னைக் கை காட்டிக்கொண்டு.

நாங்கள் மூன்று பேர். மலேசியாவின் கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மூவருக்கும் இப்போது ஐம்பத்து நான்கு வயது, வாய் மட்டும் பதினான்கோடு நின்றுவிட்டது. ஒருத்தி கல்யாணமாகிப் பூச்சோங் போனதால் எங்களுக்கு அவள் பூச்சோங்காரி. இன்னொருத்தி பண்டமாரான்காரி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் ஷிஃப்ட் வேலை. நான் கிள்ளானை விட்டு நகராதவள்.

பண்டமாரான்காரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று தம்பிகளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஐம்பது தாண்டிவிட்டது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததும் இல்லை. அப்படி இருந்தவளுக்குத்தான் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் வந்து வாய்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் கல்யாணமாகி ஜோகூரில் இருக்கிறாள். ஒரு தைப்பூசத்தில் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மோர் ஊற்றியிருக்கிறார்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் இரண்டு வருடம் தோசை தின்றிருக்கிறாள், கள்ளி!

ஒரு நாள் அந்தத் தோசைக் கடையில் அவர் கேட்டுவிட்டார்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துட்டா என்னங்க?"

இவள் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "அடுத்த மாசம் கூட்டாளிங்களோட டில்லி, ஆக்ரா போறேன். தாஜ் மஹாலப் பாத்துட்டு வந்து பதில் சொல்றேன்."

"சரிங்க. அங்க குளிரா இருக்கும்னு சொல்றாங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க" என்றாராம் அந்த மனுஷன். சொல்லிவிட்டு இன்னொரு தோசைக்கு ஆர்டர் கொடுத்தாராம்.

வாய்தவறி வந்த பேச்சுதான். ஆனால் போகப் போக அது அவளுக்கு ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. "உள்ள போயி நின்னா எனக்கே தெரிஞ்சிடும்டி" என்றாள். ஏன்டி, முருகனிடம் கேட்டால் போதாதா என்றேன். "அவரு ரெண்டு பொண்டாட்டிக்காரரு. கட்டிக்கன்னுதான் சொல்வாரு. அவர எப்படி நம்புறது?"

ஆக, ஷாஜஹானிடம் கேட்பது என்று முடிவாயிற்று. பயணத் திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அலுவலகத்தில் கப்பல்களுக்கே அட்டவணை போடுகிறவள், மூன்று பெண்களுக்குப் போட முடியாதா? கணினியில் கட்டம் கட்டமாகப் போட்டேன். இப்பேர்ப்பட்ட காரியத்துக்கு நல்ல நாள் வேண்டாமா? சமையலறைக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டேன். செவ்வாய் வேண்டாம், சனி வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை, வளர்பிறை. ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தாஜ் மஹால் என்று எழுதி, மஞ்சள் நிறமும் அடித்தேன். மறுநாள் காலை டில்லியில் விமானம். ஒரு ஓட்டை இல்லாத திட்டம்.

டில்லியில் இரண்டு நாள் நாங்கள் போட்ட ஆட்டத்தைச் சொல்லி மாளாது. முகத்தைப் பார்த்ததும் எல்லோரும் இந்தியில் பேசினார்கள். எங்களுக்கோ சீரியலில் கற்ற இந்தி, மாமியாரைத் திட்ட மட்டும்தான் உதவும். மாட்டிக்கொண்டால் பூச்சோங்காரி டக்கென்று மலாய்க்கு மாறிவிடுவாள். செங்கோட்டை வாசலில் சால்வை விற்றவரிடம் மலாயிலேயே பேரம் பேசி முடித்தாள். அவரும் தலையாட்டினார், எதற்கென்று இன்றுவரை தெரியாது. ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வைத்த ரொட்டிக்குள், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன நெத்திலிச் சம்பலைத் திணித்துத் தின்றோம். அந்த வாசத்துக்குப் பக்கத்து மேசை காலியானது.

ஹுமாயூன் கல்லறைக்குப் போனபோது, அதைக் கட்ட வைத்தது அவருடைய மனைவி என்று வழிகாட்டி சொன்னார். பூச்சோங்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாடி? புருஷனுக்குப் பொண்டாட்டி கட்டினது இது. ஆனா ஊரு பூரா பேசுறது என்னமோ தாஜ் மஹாலத்தான்."

"நீ உன் புருஷனுக்குக் கட்டுவியா?" என்றேன்.

"வீட்டு லோன் கட்டவே எனக்குக் காசு பத்தல லா."

சிரித்துச் சிரித்து அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். பண்டமாரான்காரி மட்டும் சிரிப்பின் நடுவில் திடீரென்று, "எனக்குப் பயமா இருக்குடி. இந்த வயசுல ஊரு சிரிக்கும்ல?" என்றாள். ஊர் சிரித்தால் நாமும் சேர்ந்து சிரிக்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் முகம் தெளியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மேலே அவர் சொன்ன ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு பண்டமாரான்காரி ஆக்ரா போகும் காரில் ஏறினாள். அந்த நவம்பர் மதியத்தில் ஸ்வெட்டருக்கு வேலையே இல்லை, வேர்த்துக் கொட்டியது. கழற்ற மாட்டேன் என்றாள். அன்றுதான் அமர்த்திய டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். நாங்கள் பேச விட்டால்தானே?

வாசலுக்குப் போனோம். கூட்டம் இல்லை. "பாத்தியா, ராகு காலம் முடிஞ்சு வந்தா எல்லாம் நமக்குன்னே ஒதுங்குது" என்று நான் வேறு பெருமை பேசினேன். கதவு சாத்தியிருந்தது. காவலர் ஒருவர் கையை விரித்தார். டிரைவர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தார்.

"மேடம், ஃப்ரைடே குளோஸ்டு. ஃப்ரைடே நமாஸ், மேடம்."

வெள்ளிக்கிழமை! பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் எந்த அரசாங்க கவுண்டருக்கும் போகாதவள் நான். தொழுகை நேரம், ஆள் இருக்க மாட்டார்கள் என்று அடுத்தவருக்குப் புத்தி சொல்கிறவள். பாஸ்போர்ட் எடுக்கும்போதுகூட, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று இவர்கள் இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பியவள். அப்படிப்பட்ட நான், தாஜ் மஹாலுக்குள் ஒரு மசூதி இருக்கிறது என்பதை மறந்து, முருகனுக்கு உகந்த நாள் பார்த்திருக்கிறேன். இதை ஒரு வெளியூர்க்காரி செய்தால் தெரியாமல் செய்தாள் எனலாம். கிள்ளான்காரி செய்யலாமா?

பூச்சோங்காரி என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் நான் பயந்தது பண்டமாரான்காரியைப் பார்த்துத்தான். அவள் திட்டவில்லை. சாத்திய கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பதில் சொல்லிட்டாங்கடி."

"என்ன பதில்?"

"கோயிலுக்குப் போறப்ப நடை சாத்தியிருந்தா என்ன அர்த்தம்? வேணாம்னுதானே?"

"ஏய், நான் பண்ணின கூத்துக்குத் தாஜ் மஹால் என்னடி பண்ணும்? என் புத்திய செருப்பால அடி, வேணாம்னு மட்டும் சொல்லாத!"

அவள் கேட்கவில்லை. இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன், அந்த மனுஷனைக் காக்க வைப்பது பாவம் என்று கைப்பையைத் துழாவினாள். எங்கள் தமிழ் ஒன்றும் புரியாத டிரைவருக்கு ஒருத்தி அழப்போகிறாள் என்பது மட்டும் புரிந்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்டம் இருக்கிறது, அதுவும் முகலாயர் போட்டதுதான், அங்கிருந்து நன்றாகத் தெரியும் என்று கையால் வரைந்து காட்டினார். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவளைக் காருக்குள் தள்ளினோம்.

அக்கரையில் தோட்டத்தின் கடைசி வரை நடந்தோம். யமுனை, அதற்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தாஜ் மஹால். அடேயப்பா! மூன்று பேரின் வாயும் அடைத்துவிட்டது, எங்கள் சரித்திரத்தில் முதல் முறையாக.

"பின்னாடி பக்கமும் இவ்ளோ அழகா இருக்கு பாரு. நமக்கெல்லாம் இப்படியா இருக்கு?" என்றாள் பூச்சோங்காரி.

பண்டமாரான்காரி சிரிக்கவில்லை. வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டாள். வேண்டாம்டி, ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம் என்று நான் கையைப் பிடித்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்.

திரையில் முதலில் ஒரு தகரம் தெரிந்தது. பிறகு ஒரு முழங்கால். பிறகு வேர்த்து வழியும் அவருடைய முகம். அதற்குப் பின்னால் ஒரு சன்னல், சன்னலில் பூப்போட்ட திரை. பண்டமாரான்காரி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அது என் வீட்டுச் சன்னலாச்சே! என் வீட்டுக்குப் பின்னாடி என்ன பண்றீங்க?"

"ஐயோ, நீங்க ஞாயித்துக்கிழமதான் கூப்பிடுவீங்கன்னு..." அவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். பிடிபட்ட திருடன் முழி. "ஒண்ணும் இல்லங்க. துணி காயப்போடுற இடத்துக்கு மேல தகரம் போடுறேன். பக்கத்து வீட்டு அக்காதான் கேட்டத் தொறந்து விட்டாங்க. நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள மழை வந்து துணியெல்லாம் நனைஞ்சிடுதுன்னு சொன்னீங்கல்ல?"

"எப்ப சொன்னேன்?"

"போன வருஷம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம். பண்டமாரான்காரி போனை இன்னும் பக்கத்தில் பிடித்தாள்.

"நான் இன்னும் பதிலே சொல்லலியே. வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். யோசித்த மாதிரியே தெரியவில்லை.

"பதில் எதுவா இருந்தாலும் மழை பெய்யும்லங்க."

அவள் ஒரு முறை தாஜ் மஹாலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நீளம் போடுறீங்க?"

"ஆறு அடிங்க. ஒரு ஆள் துணிக்கு அது போதும்."

"பத்தாது. ரெண்டு ஆள் துணி காயணும். நீளமாப் போடுங்க."

அவருக்குப் புரிய ஐந்து விநாடி ஆனது. பிறகு டமால் என்று ஒரு சத்தம், திரை முழுக்கப் பண்டமாரான் வானம். "ஏணியிலேருந்து விழுந்துட்டாருடி!" என்று பூச்சோங்காரி அலறினாள். வானத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"விழல, விழல! சுத்தியல்தான் விழுந்துச்சு! பன்னெண்டு அடி போட்டுடவா?"

அதற்குப் பிறகு நாங்கள் பேசியது எதுவும் மனிதப் பேச்சில்லை. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம், பூச்சோங்காரியின் செருப்பு ஒன்று செடிக்குள் பறந்தது, காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். டிரைவர் என்னவென்றே தெரியாமல் கை தட்டினார். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் சேர்ந்து தட்டியது. நான் ஓவென்று அழுதேன், யாரும் என்னை அழச் சொல்லவில்லை. தாஜ் மஹாலோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

கார் பக்கம் திரும்பும்போது பண்டமாரான்காரி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். மறு கையால் என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"நல்ல நாள்தான்டி பாத்திருக்க."