காதடியில் ஓர் ஊற்று

எச்சிலுக்காக ஆராய்ச்சி என்றால் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காதுக்குக் கீழே, தாடை வளைவுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒரு சுரப்பி. சோற்றைப் பார்த்ததும் வாயை நனைப்பது, பேசப் பேச நாக்கை வழுக்கிவிடுவது, தூக்கத்திலும் விழித்திருப்பது. நாக்கிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்தவருக்குக் கதிர் கொடுக்கும்போது அந்த ஊற்றும் சேர்ந்து வெந்துவிடுகிறது. கட்டி போய்விடும், வாயும் வறண்டுவிடும். கட்டியையும் விடக் கூடாது, ஊற்றையும் கெடுக்கக் கூடாது. அதற்குத்தான் திரையில் கோடு போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, கதிர் எங்கே விழலாம் என்று கணக்குப் போடுகிறவள். ஆனாலும் திருப்பூரில் எல்லோருக்கும் டாக்டரம்மாதான்.

சிகிச்சைக்கு வந்த ஓர் அக்காவுக்கு நாக்கின் ஓரத்தில் கட்டி. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்து வரும் பீஸ்களை அளந்து பார்க்கும் செக்கிங் வேலை. கணவர் அங்கேயே டெய்லர். கதிர் பாயும்போது தலை அசையாமல் இருக்க, வலை மாதிரி ஒரு மாஸ்க்கை அவரவர் முகத்தின் மேலேயே வார்த்து எடுப்போம். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகடு, ஆறியதும் அந்த முகமாகவே நின்றுவிடும். தினமும் அதை மாட்டி, படுக்கையோடு பூட்டி, ஒரு படம் எடுத்து, எலும்புகள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் கதிர்.

பாதி சிகிச்சையில் ஒருநாள் படம் ஒத்துவரவில்லை. கழுத்தெலும்பு நகர்ந்திருந்தது. நகக்கனம்தான். அந்த நகக்கனத்தில் இடப்பக்க ஊற்று கதிரின் பாதைக்குள் வந்து நின்றது. மாஸ்க்கோ கச்சிதம், இன்னும் சொன்னால் இறுக்கம். வாய்ப்புண்ணில் சாப்பிட முடியாமல் அக்கா பார்க்கப் பார்க்க இளைத்துக்கொண்டிருந்தார். இளைத்த முகத்துக்கு மாஸ்க் எப்படி இறுகும்?

மாஸ்க்கைக் கழற்றி, டெக்னீஷியன் பெண் அக்காவின் பிடரியில் கையை விட்டாள். கூந்தலுக்கு அடியிலிருந்து வந்தது, நாலாக மடித்து ஓரம் தைத்த வெள்ளைப் பனியன் துணி.

கணவரை உள்ளே கூப்பிட்டோம்.

"நாந்தானுங்க தெச்சுக் குடுத்தேன். மாஸ்க்கு லூசாகுதுன்னு இவ சொன்னா. பின்னாடி வெச்சா முன்னாடி டைட்டா நிக்குமுங்களே."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்காதான், புண்வாயை மெல்லத் திறந்து, "அளவு மாறுனா பீசை ரிஜெக்ட் பண்ணிருவமுங்க டாக்டரம்மா," என்றார். "என்னையும் ஒதுக்கிட்டீங்கன்னா?"

டேப் வைத்து அளந்து, அளவு தப்பியதையெல்லாம் ஒரு பக்கமாக வீசிப் பழகிய கை. தன்னையும் அந்தக் குவியலில் பார்த்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் படுத்திருந்திருக்கிறார். அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது.

"இங்க அளவே நீங்கதானுங்க அக்கா. பொருந்தலைன்னா மாஸ்க்கைத்தான் தூக்கிப் போடுவோம்."

"அப்ப மாஸ்க்குதான் ரிஜெக்ட்டுங்களா?"

"மாஸ்க்குதான்."

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா மாமா? பெரிய டெய்லராட்டம் தெச்சுக்கிட்டு வந்தீங்க."

"நீதான புள்ள, தை தைன்னு உசுர வாங்குன?"

அன்றைக்குக் கதிரை நிறுத்தினோம். புதுத் தகடு இளகி, ஒடுங்கிப்போன அந்தக் கன்னங்களில் படிந்தது. புது ஸ்கேன் எடுத்து, இரண்டு ஊற்றுகளையும் சுற்றிப் புதிதாகக் கோடு போட்டேன். "எச்சி ஊறுமுங்களா?" என்று கேட்டார். மாதக்கணக்கில் காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கே தெரியாது.

சிகிச்சை முடிந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அதே பதில்: "இன்னும் காஞ்சேதானுங்க கெடக்குது." நானும் தலையாட்டி எழுதிக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார். "அவிநாசிபாளையத்துக்கு சொந்தக்காரங்க வீட்டுச் சீருக்குப் போனமுங்க. ரோட்டோரம் மாங்காயக் கீறி மொளகாப்பொடி தூவி வெச்சிருந்தான். பாத்ததும் வாயூறிருச்சுங்க!"

"சாப்பிட்டீங்களா?"

"எரியுமில்லீங்க? சும்மா பாத்துட்டு நின்னனுங்க."

"வண்டிய எடுக்கவே உடலீங்க," என்றார் கணவர். "வாங்கறதுமில்ல, போறதுமில்ல. கடைக்காரன் என்னையத் திருடனாட்டம் பாக்கறான்."

"எந்தப் பக்கமுங்க ஊறுச்சு?" என்றேன். "வலதா, இடதா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நாக்கு ஒரு கன்னத்துக்குள் தேடியது, பிறகு மறு கன்னத்துக்குள். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"ரெண்டுலயுமுங்க."