சீர் கொடுத்த ஸ்கூட்டர்

மீன்சுருட்டியைச் சுற்றி எந்த வயல், கொல்லையில் மோட்டார் மக்கர் பண்ணினாலும் முதலில் ஆள் ஓடுவது வீரமுத்து வீட்டுக்குத்தான். அவர் மெக்கானிக் இல்லை. கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் நெல் என்று பயிர் வைத்துப் பிழைக்கிற குடியானவர். ஆனால் ஆயில் எஞ்சின் என்று காதில் விழுந்தால் போதும், தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும், மனுஷர் ஸ்பேனர் பையோடு கிளம்பிவிடுவார். பம்பு தண்ணீர் பிடிக்கவில்லையா, சாணியைக் கரைத்து அதன் வாயில் ஊற்றுவார். சுழலும் தண்டின் ஓரத்தில் கசிகிறதா, நூல்கயிற்றைக் கிரீஸில் புரட்டித் திணிப்பார். கூலி வாங்க மாட்டார். அதற்குப் பதிலாக அவர் பெருமையை அரை மணி நேரம் நின்று கேட்க வேண்டும். அதற்குக் கூலியே கொடுத்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு.

“அடச்சா நிக்காத ஒழுக்கு எங்கய்யா இருக்கு? எடம் பாத்து அடைக்கணும், அவ்வளவுதான்” என்பார். ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷரை ஒரு ஸ்கூட்டர் படாத பாடு படுத்திவிட்டது.

வீரமுத்துவுக்கும் கலியம்மாளுக்கும் ஒரே மகள், பூங்குழலி. பெரம்பலூரில் ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலை பார்த்த ராஜராஜனுக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் சீராக ஸ்கூட்டர் கேட்டார்கள். புதுசு வாங்க வீரமுத்துவுக்குச் சக்தி இல்லை. ஒரு கை மாறின வண்டியை வாங்கி, தானே உட்கார்ந்து சுத்தம் பண்ணி, நீல பெயிண்ட் அடித்து, மாலை போட்டு மண்டப வாசலில் நிறுத்தினார். அன்றைக்கு எல்லோரும் புது வண்டி என்றே நினைத்தார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் வண்டியின் பழைய நம்பரைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் கார்பரேட்டரில் பெட்ரோல் ஒழுக ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போ என்றால் ராஜராஜன் கேட்கிறவனா? அவனுக்கு அது கௌரவக் குறைச்சல். அன்று முதல் அந்த வீட்டில் வண்டிக்கு ‘உங்கப்பன் வண்டி’ என்று பேர் வந்தது. உங்கப்பன் வண்டி ஒழுவுது, உங்கப்பன் வண்டி நாறுது. மாமியார் சொல்வாள், நாத்தனார் சொல்வாள், பால்காரர் முன்னாலும் சொல்வார்கள்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆவணி மாதம். ராஜராஜன் அந்த ஸ்கூட்டரிலேயே பூங்குழலியை ஏற்றிக்கொண்டு மீன்சுருட்டிக்கு வந்தான். காபி குடித்தான். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“வண்டி சரியாவட்டும் மாமா. அப்பறமா ரெண்டையும் ஒண்ணா அனுப்பி வைங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

ரெண்டையுமாம்! பெண்டாட்டியையும் வண்டியையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசிவிட்டுப் போகிறான் பாருங்கள். வீரமுத்துவுக்கு அது உறைக்கவே இல்லை. அவர் அதற்குள் வண்டிக்கு அடியில் குனிந்துவிட்டார்.

“இந்தா பாருங்க, புள்ள எளச்சிப் போயிருக்கு. வந்ததுலேருந்து வாயத் தொறக்கல. என்னா ஏதுன்னு கேளுங்க” என்றாள் கலியம்மாள்.

“கேக்கறதுக்கு என்னாடி இருக்கு? இந்த ஒழுக்குதான் அங்க பிரச்சனையே. இத நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்.”

அவர் மனசாரத்தான் சொன்னார். தான் கொடுத்த சீரில் குறை. அந்தக் குறையால் மகள் பேச்சு வாங்குகிறாள். குறையைத் தீர்த்துவிட்டால் மகள் நன்றாக வாழ்வாள். இதைவிட நேரான கணக்கு அவருக்குத் தெரியவில்லை. மகளுடைய வாழ்க்கை முழுக்க அந்தக் கையகல கார்பரேட்டருக்குள் இருப்பதாகவே நினைத்து வேலையில் இறங்கினார்.

முதலில் தனக்குத் தெரிந்த பம்புசெட் வைத்தியம். கார்பரேட்டர் மூடியின் விளிம்பு முழுக்கக் கிரீஸ் தடவிய நூலைச் சுற்றி இறுக்கினார். பெட்ரோலுக்குக் கிரீஸ் எம்மாத்திரம்? கரைத்துக் குடித்துவிட்டு மறுபடி சொட்டியது. அடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை மூடி மேல் வைத்துச் சுத்தியலால் விளிம்போரம் மெல்லத் தட்டி, இடுக்கில் வைக்க அளவாகப் பேக்கிங் வெட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சொட்டு நிற்கவில்லை. கலியம்மாளின் துணி சோப்பைப் பிசைந்து அப்பினார். கடைசியில், பிசைந்து ஒட்டினால் கல்லாக இறுகுகிற பசையை வாங்கி, கார்பரேட்டருக்கு வெளியே ஒரு இடம் விடாமல் பூசினார். அப்போது சொட்டு நின்றது. ஆனால் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கிவிட்டது. உதைத்து உதைத்து கால் வீங்கியதுதான் மிச்சம்.

டீக்கடையில் சும்மா விடுவார்களா?

“வீரமுத்தண்ணே, மாப்ள வண்டிக்குச் சாணி கரைச்சு ஊத்திப் பாத்தீங்களா?” என்றான் செல்லதுரை. கடையே சிரித்தது. வீரமுத்து பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

வேறு வழியில்லாமல் கார்பரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு ஜெயங்கொண்டம் போனார். அங்கே அரியமுத்து என்று ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக். அவர் பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு பொழுது ஆனது.

“ஏங்க, இது என்னா கார்பரேட்டரா, களிமண் உருண்டையா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். “ஒழுக்கு வெளிய தெரியுது, கோளாறு உள்ளல்ல இருக்கு? பெட்ரோல் ரொம்புனதும் இந்த மிதவை மேல வந்து, இந்த ஊசியத் தள்ளி வழிய மூடணும். ஊசி மூக்கு தேஞ்சி போச்சி. வழி மூடல, பெட்ரோல் வந்துகிட்டே இருக்கு. நீங்க வெளிய எவ்வளவு பூசுனா என்னா?”

புது ஊசி, புது பேக்கிங், அதன் மேல் மெல்லிசாக, பெட்ரோலில் கரையாத ஷெல்லாக் பசை. வீரமுத்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, பசையில் கொஞ்சம் வாங்கியும் வந்தார். வீட்டில் கார்பரேட்டரை வண்டியில் பூட்டி, மூடியின் இரண்டு ஸ்க்ரூ தலையிலும் தளராமல் இருக்க ஒரு பொட்டு ஷெல்லாக் வைத்தார். வண்டிக்கு அடியில் பேப்பரை விரித்தார். சாயங்காலம் வரை ஒரு சொட்டு விழவில்லை.

“கலியம்மா! நின்னுபோச்சி பாருடி!” என்று சின்னப் பிள்ளைபோல் கத்தினார். “ஆயி, குழலி, நாளைக்கே மாப்ளைக்கு போன் போட்டுடறேன்!”

பூங்குழலி எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பேப்பர் நனைந்து கிடந்தது.

திரும்பப் பிரித்தார். பேக்கிங் கிழிந்திருந்தது. வேறு வெட்டிப் போட்டார். இரண்டு நாள் சும்மா இருந்தது. போன் போடப் போகிற அன்றைக்கு மறுபடி சொட்டியது. மனுஷர் ஆடிப்போய்விட்டார். சோறு இறங்கவில்லை. அந்த வாரம் பக்கத்துக் கொல்லைக்காரர் மோட்டார் பழுதுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் கூட்டிவந்தார். வீரமுத்து வீட்டைத் தாண்டித்தான் அந்த ஆள் போனான்.

மூன்றாம் முறை பிரிக்க உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஸ்க்ரூ தலையில் அவர் வைத்த ஷெல்லாக் பொட்டு உடைந்திருந்தது. தானாக உடையாது. யாரோ திருகியிருக்கிறார்கள்.

செல்லதுரைதான்! வேறு யார்? டீக்கடையில் சிரித்தது போதாதென்று வீடேறி வந்து விளையாடுகிறானா? இன்றைக்கு அவன் கையை முறிக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டார். வண்டியைச் சரிபண்ணிப் பூட்டி, “கொல்லைக்குப் போறேன், வர்றதுக்குப் பொழுது சாஞ்சிடும்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். உச்சி வெயிலில் பின்பக்கமாக வந்து வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

செல்லதுரை வரவில்லை. பூங்குழலி வந்தாள்.

அக்கம்பக்கம் பார்த்தாள். வண்டியின் பக்கவாட்டு மூடியை ஓசைப்படாமல் கழற்றிக் கீழே வைத்தாள். முந்தானையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தடுமாறாமல், பழகிய கை மாதிரி திருகினாள். தன் மகளுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும் என்பதே வீரமுத்துவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“அடிப்பாவி! நீயா?” என்று பாய்ந்து வந்தார். “ஊரே கைகொட்டி சிரிக்கிது, நான் தூக்கமில்லாம கெடக்கறேன், நீ எம்மானத்த வாங்கறியா? ஏன்டி, ஏன்?”

அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்க்ரூவைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“அது ஒழுவுற வரைக்கும்தானப்பா நா இங்க இருக்கலாம்?”

வீரமுத்துவின் ஓங்கிய குரல் அப்படியே அடங்கிப்போனது. சத்தம் கேட்டு வந்த கலியம்மாள் கதவோரம் நின்றுவிட்டாள்.

“என்னா ஆயி சொல்ற?” என்று மெதுவாகக் கேட்டார்.

அப்புறம் அவள் சொன்னாள். கேட்க ஆள் கிடைத்தால்தானே சொல்ல முடியும்? வண்டி ஒழுகினால் ராஜராஜன் துடைப்பதற்குத் துணி தேட மாட்டான். அவள் கட்டியிருக்கிற புடவையைப் பிடித்து இழுத்து அதில்தான் துடைப்பான். ‘உங்கப்பன் குடுத்ததுக்கு உன் பொடவதான் சரி’ என்பான். முரண்டு பிடித்தால் அடி. வண்டி ஒழுகாத நாளில் குழம்பில் உப்பு என்று அடி.

“வண்டியில ஒண்ணுமில்லப்பா. இது இல்லன்னா வேற ஒண்ணு. பொங்கலுக்கு வந்தப்பவே சொல்ல வந்தேன். நீங்க, அனுசரிச்சிப் போ, எல்லாம் சரியாவும்னுட்டீங்க.”

சொல்லித்தான் இருந்தார். அதைச் சொல்லும்போது அவர் கையில் யாருடைய பம்போ இருந்தது. அதுவும் அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. தரையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, “போவ இஷ்டமில்லன்னா நீ போவ வேணாம் ஆயி” என்றார்.

பூங்குழலி தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு நம்பிக்கை இல்லை. மாப்பிள்ளை என்று வந்து நின்றால் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! இன்றைக்குச் சொல்வார். நாலு பேர் வந்து கேட்டால் நிற்பாரா?

வீரமுத்து வண்டியை மறுபடி பிரித்தார். பூங்குழலி ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தாள். ஷெல்லாக் காய்ந்ததும் கடைத்தெருவுக்குப் போய் போன் போட்டு, வண்டி தயார் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் பூங்குழலி தன் பையை எடுத்தாள். கட்டிக்கொள்ள இருந்த இரண்டு புடவைகளையும் அவளே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜராஜன் தன் பெரியப்பா சாமிதுரையைக் கூட்டிக்கொண்டு வந்தான். வீரமுத்து ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். தரை காய்ந்து கிடந்தது.

“அடேயப்பா! பெரம்பலூர்ல ஒருத்தனாலயும் முடியலய்யா. கையெடுத்துக் கும்புடணும் ஒங்கள” என்றார் சாமிதுரை. சாதாரண நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு வீரமுத்து ஊசியிலிருந்து மிதவை வரை கதை சொல்லியிருப்பார். இன்றைக்கு வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“சரி, நேரமாவுது. கெளம்பு” என்றான் ராஜராஜன், உள்ளே பார்த்து.

வீரமுத்து சாவியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். துண்டு தோளில்தான் கிடந்தது.

“வண்டிய எடுத்துக்குங்க மாப்ள. பூங்குழலி வரமாட்டா.”

“என்னா மாமா பேசறீங்க? வண்டி சரியாயிடுச்சுல்ல?”

“சரியாயிடுச்சி. அதான் குடுத்துட்டேன்.”

சாமிதுரை குரலை உயர்த்தினார். “யோவ், கட்டிக்குடுத்த பொண்ண வூட்டுல வச்சிக்கிட்டா ஊரு ஒலகம் என்னாய்யா பேசும்? அப்படி என்னா கொற கண்டுட்டீங்க எங்க புள்ளகிட்ட? சொல்லுங்க, கேப்போம்!”

வாசலில் அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. செல்லதுரைகூட நின்றிருந்தான். வீரமுத்து ராஜராஜனைப் பார்த்துப் பேசவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தே பேசினார்.

“அவரு பண்ணத அவரே சொல்லட்டும். எங்கொறைய நான் சொல்றேன். இந்த வண்டிய எத்தன தடவ பிரிச்சிருப்பேன்! எங்க ஒழுவுது, ஏன் ஒழுவுதுன்னு தரையில படுத்துப் பாத்தேன். எம்பொண்ணு பக்கத்துலயேதான் நின்னுகிட்டிருந்தா. ‘ஒனக்கு என்னா ஆயி’ன்னு அவள ஒரு வார்த்த கேக்கல. இப்பத்தான் கேட்டேன். அவளுக்கு அங்க வர இஷ்டமில்ல.”

அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதுவிட்டார்.